நம் ஊரை நமக்குக் காட்டியவர்



இந்த வாரத் தியானத்தை ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். நீங்கள் பிறந்து வளர்ந்த ஊரின் வயது என்ன என்று வெளிதேசத்தார் ஒருவர் கேட்டால், உங்களால் பதில் சொல்ல முடியுமா?

நம் சபைக் குடும்பம் ஒன்றின் மகன் ஜப்பானில் வேலை செய்கிறார். விடுமுறையில் வந்திருந்தபோது கியோத்தோ நகரத்தைச் சுற்றிப் பார்த்த அனுபவத்தை என்னிடம் சொன்னார். அந்நகரத்திலேயே பிறந்த முதியவர் ஒருவர் அவருக்கு வழிகாட்டியாக வந்தாராம். கி.பி. 794 இல் அது ஜப்பானின் தலைநகரானது என்பதிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தெருவையும் தம் வீட்டு அறையைக் காட்டுவதுபோல் காட்டினாராம். மாலையில் தேநீர் அருந்தும்போது, “உங்கள் ஊர் எப்படிப்பட்டது?” என்று கேட்டாராம். “மதுரைக்குப் பக்கத்தில் திருவாதவூர். பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய கோயில் இருக்கிறது. ஆனால் நாங்கள் கிறிஸ்தவர்கள்” என்று இவர் பதில் சொன்னாராம். சொல்லி முடித்த பிறகு ஏனோ வெட்கமாக இருந்தது என்றார்.

அந்த வெட்கம் எனக்கும் வந்தது. “ஆனால் நாங்கள் கிறிஸ்தவர்கள்” என்ற அந்தப் பதிலை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். எருசலேமின் வாசல்களையும் கலிலேயாவின் கரைகளையும் பிரசங்க பீடத்திலிருந்து பல முறை உங்களுக்குக் காட்டியிருக்கிறேன். நாம் தினமும் கடந்து செல்லும் ஓவாமலையை ஒரு நாளும் காட்டியதில்லை. நானே அதன்மேல் ஏறியதில்லை. ஆகவே, ஊர்ப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன்னே ஒரு காலையில் புறப்பட்டேன். இளமையில் அந்தப் பாறைச் சரிவுகளில் ஆடு மேய்த்தவர் அவர். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். நம் சபையைச் சேர்ந்தவரும் அல்லர்.

அடிவாரத்தில் செருப்பைச் சரிசெய்துகொண்டே அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏஞ்சாமி, இம்புட்டு வருசமா இங்கதான இருக்கீக? ஒரு தடவகூட மேல வரலையா?”

என்னிடம் பதில் இல்லை. அவர் முன்னே நடந்தார். நான் பின்னே நடந்தேன்.

நீங்களும் என்னோடு அங்கே நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். குகைபோலக் கவிந்திருக்கும் பாறை. அதன் நிழலில், ஒரு மனிதர் படுக்கும் அளவுக்குச் செதுக்கி வழவழப்பாக்கிய கற்படுக்கைகள். பாறையின்மேல் பழைய எழுத்துகள். “பஞ்சபாண்டவர் படுக்கைன்னு சொல்லுவாக சாமி. வீடு வாசல் இழந்து காட்டுல திரிஞ்சப்ப இங்கன வந்து படுத்தாகளாம்” என்றார் பெரியவர். மழை பிடித்துக்கொண்டால் ஆடுகளோடு தாமும் அங்கே ஒதுங்கியதுண்டு என்றார்.

அந்த எழுத்துகள் தமிழ் பிராமி எழுத்துகள். தமிழ்நாட்டுக் குகைகளில் உள்ள இவ்வகை எழுத்துகளின் மொழி தமிழே என்பதை கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924 இல் எடுத்துக்காட்டினார். பின்னர் ஐராவதம் மகாதேவன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இவற்றைப் படித்தறிவதில் செலவிட்டார். ஓவாமலையில் இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. காலம் ஏறத்தாழ கி.மு. 2 ஆம் நூற்றாண்டு. கியோத்தோ தலைநகராவதற்குச் சுமார் 900 ஆண்டுகளுக்கு முன்னரே, “பெரிதாக ஒன்றும் இல்லை” என்று நாம் சொல்லும் ஊரில், எழுதத் தெரிந்தவர்களும் அதைப் படிக்கக்கூடியவர்களும் இருந்தார்கள்.

அவர்கள் எழுதியது என்ன? ஒன்று, பாங்காட்டைச் சேர்ந்த அரிதன் இதைக் கொத்துவித்தான் என்கிறது. மற்றொன்று, உபாசகனாகிய பரசு என்பவன் உறைவிடத்தைக் கொத்துவித்ததைச் சொல்கிறது. அவ்வளவுதான். போர் வெற்றி இல்லை, அரசனின் பெயர் இல்லை, புகழுரை இல்லை. வீடு துறந்து ஊர் ஊராக நடந்த சமணத் துறவிகளுக்கு, மழைக்காலத்தில் தங்குவதற்கு ஓர் இடமும் படுப்பதற்கு ஒரு கல்லும் செய்துகொடுத்த இரண்டு சாதாரண மனிதர்களின் பெயர்கள் மட்டுமே அங்கே இருக்கின்றன.

அங்கே நின்றபோது சூனேம் ஊராளாகிய அந்தப் பெண்ணை நினைத்தேன். 2 இராஜாக்கள் 4 ஆம் அதிகாரத்தில் அவளைச் சந்திக்கிறோம். தன் ஊர் வழியாக அடிக்கடி போகும் எலிசாவுக்காக வீட்டின்மேல் ஓர் அறையைக் கட்டி, அதில் கட்டிலும் மேசையும் நாற்காலியும் விளக்கும் வைக்கத் தன் கணவனிடம் கேட்டுக்கொண்டவள் அவள். வேதாகமம் அவள் பெயரைச் சொல்லவில்லை; அவள் செய்து வைத்த கட்டிலைச் சொல்கிறது. பாங்காட்டு அரிதன் நம் வேதத்தை அறிந்தவன் அல்லன். அவன் காலத்தில் நம் ஆண்டவர் பெத்லகேமில் பிறந்திருக்கவுமில்லை. ஆனாலும் தலைசாய்க்க இடமில்லாத ஒருவருக்கு இடம் கொடுப்பது எவ்வளவு பெரிய செயல் என்பது இந்த மண்ணுக்குத் தெரிந்திருந்தது. நாம் சுவிசேஷத்தில் வாசிக்கும் அந்நியரை உபசரித்தல் என்ற ஒழுக்கம், நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறையிலும் ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கிறது.

பெரியவர் சொன்னதையும் கவனியுங்கள். பாண்டவர் என்ற பெயர் வரலாறு அன்று. மதுரையைச் சுற்றியுள்ள பல குன்றுகளில் இத்தகைய சமணப் படுக்கைகளை மக்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். ஆனால் “வீடு வாசல் இழந்து திரிஞ்சவுக வந்து படுத்த இடம்” என்ற நினைவு மட்டும் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வந்திருக்கிறது. ஆட்களின் பெயர் மாறிவிட்டது. இடம் எதற்காக வெட்டப்பட்டது என்பது மறக்கப்படவில்லை.

குன்றிலிருந்து இறங்கி ஊருக்குள் வருவோம். திருமறைநாதர் கோயிலைப் பெரியவர் தூரத்திலிருந்தே கைகாட்டினார். இந்த ஊர் மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்குத் திருவாதவூரர் என்ற பெயரே நம் ஊரால் வந்தது. சங்கப் புலவர் கபிலரும் இங்கே பிறந்தவர் என்று மரபு சொல்கிறது. இந்த இருவரைப் பற்றியும் கிறிஸ்தவர்களாகிய நாம் அறியவேண்டிய செய்தி உண்டு.

கபிலர் இயற்றியது குறிஞ்சிப்பாட்டு. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் நெறியை அறிவிக்க அவர் அதைப் பாடினார் என்று பழைய குறிப்பு கூறுகிறது. 261 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் அடுக்கிச் சொல்லப்படுகின்றன. வெளியிலிருந்து வந்த ஒருவனுக்கு நம் வாழ்க்கையை விளக்க விரும்பிய புலவர், மலையையும் காதலையும் பூக்களையும் காட்டினார். சுற்றுலா வழிகாட்டி என்ற சொல் பிறப்பதற்கு முன்பே அந்தப் பணி இங்கே நடந்திருக்கிறது.

மாணிக்கவாசகரின் திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் யார் என்று நம் வாலிபர்களைக் கேட்டால் பலருக்குத் தெரியாது. ஜி.யு. போப் என்னும் ஆங்கிலிக்கன் குருவானவர் அவர். 1839 இல் ஊழியத்துக்காகச் சென்னைக்கு வந்தபோது அவருக்கு வயது 19. இராமாநுஜ கவிராயரிடம் தமிழ் கற்றார். சாயர்புரத்திலும் தஞ்சாவூரிலும் உதகமண்டலத்திலும் பணிசெய்தார். இங்கிலாந்துக்குத் திரும்பிய பின் ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்தார். திருக்குறளை 1886 இலும், நாலடியாரை 1893 இலும், திருவாசகத்தை 1900 இலும் வெளியிட்டார். கடைசி நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 80. இவ்வளவு பெரிய வேலையை முடிக்கும்வரை உயிரோடிருப்பேனோ என்று அவர் தயங்கியபோது, பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நீண்ட நாள் வாழ வழி என்று பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட் ஊக்கப்படுத்தியதாக அவரே எழுதியிருக்கிறார். போப் தம் விசுவாசத்தை மறைத்தவர் அல்லர். சைவத்தோடு தமக்கு உடன்பாடில்லாத இடங்களை மறைத்தவரும் அல்லர். ஆயினும் கடல் கடந்து வந்த அந்த ஊழியர் திருவாதவூராருடைய கண்ணீரைப் புரிந்துகொள்ளத் தம் முதுமையைக் கொடுத்தார். திருவாதவூரிலேயே இருக்கும் நானோ, “அது அவர்களுடையது” என்று சொல்லி நடந்து போய்க்கொண்டிருந்தேன்.

இனி மதுரைக்குப் போவோம். தெற்கே முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்துவந்த இயேசு சபையார், 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரைக்கும் வந்தார்கள். கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் குருவானவர் இங்கே சிறிய ஆலயமும் பள்ளிக்கூடமும் மருத்துவ உதவி நிலையமும் நடத்தினார். நல்ல மனிதர், உழைப்பாளி. ஆனால் பல ஆண்டுகள் உழைத்தும் மதுரை மக்களில் ஒருவரும் திருமுழுக்குப் பெறவில்லை. காரணங்களுள் ஒன்று ஒரு சொல். கிறிஸ்தவராக விரும்புகிறவரிடம் “பறங்கி குலத்தில் சேர விரும்புகிறாயா?” என்ற பொருளில் கேட்கும் வழக்கம் இருந்தது. பறங்கி என்றால் கிறிஸ்தவன் என்று கேட்டவர்கள் நினைத்தார்கள். மதுரைத் தெருவிலோ அந்தச் சொல்லுக்கு, ஒழுக்கமில்லாத அந்நியர் கூட்டம் என்றே பொருள்.

1606 நவம்பரில் ராபர்ட் டி நோபிலி மதுரைக்கு வந்தார். இத்தாலியப் பிரபு குடும்பத்தவர், வயது 29. அந்தப் பள்ளியில் கற்பித்துவந்த இந்து ஆசிரியர் ஒருவரோடு அவர் நாள்தோறும் பல மணி நேரம் உரையாடினார். கேள்வி கேட்டார், கேள்விகளுக்கு உட்பட்டார். அந்த ஆசிரியரே அவருக்கு மதுரையில் கிடைத்த முதல் விசுவாசியானார். பின்னர் சிவதருமன் என்னும் அறிஞரிடம் சமஸ்கிருதம் கற்றார். சொற்கள் இங்கே என்ன பொருளில் வழங்குகின்றன என்பதை இவ்வூராரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். தத்துவ போதகர் என்று மக்கள் அவரை அழைத்தார்கள். கற்பிக்க வந்தவர் முதலில் கற்றுக்கொள்ள உட்கார்ந்ததால், அதுவரை திறவாத வாசல் திறந்தது.

அன்பானவர்களே, இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் நான் உங்களுக்கு உண்மையுள்ளவனாக இருக்கமாட்டேன். டி நோபிலி மதுரையிடம் கற்றுக்கொண்டவற்றில் சாதிப் பிரிவினையும் இருந்தது. உயர்ந்தவர்கள் என்று கருதப்பட்டவர்களை அடைவதற்காக அவர் மற்றவர்களிடமிருந்து விலகி வாழ்ந்தார். உணவும் தனி, வழிபாடும் தனி என்றாயிற்று. 1640 முதல், மற்றச் சாதியார் நடுவே ஊழியம் செய்யப் பண்டாரசாமிகள் என்ற வேறொரு வகைக் குருக்கள் ஏற்படுத்தப்பட்டார்கள். கிறிஸ்து இடித்துப்போட்ட நடுச்சுவரை அவருடைய ஊழியர்களே மறுபடியும் கட்டினார்கள். அந்தச் சுவரின் அடித்தளம் இன்றும் எத்தனை ஆலயங்களில், எத்தனை கல்லறைத் தோட்டங்களில், எத்தனை கலியாணப் பேச்சுகளில் இருக்கிறது என்பதை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன். எபேசியர் 2 ஐயும் கலாத்தியர் 3 ஐயும் வாசிக்கிற நாம் அதற்காகத் தலைகுனியத்தான் வேண்டும்.

வழிகாட்டி காட்டுவதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்வதில் வேறொரு ஆபத்தும் உண்டு. அதற்குச் சான்று ஜப்பானிலேயே இருக்கிறது. 1542 முதல் நம் தென்கரையில், தமிழறிந்த உதவியாளர்களைக் கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து போதித்த பிரான்சிஸ் சவேரியார், 1549 ஆகஸ்டு 15 அன்று ஜப்பானின் ககோஷிமா நகரில் இறங்கினார். அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் அந்த ஊராராகிய அஞ்சிரோ. மலாக்காவில் சவேரியாரைச் சந்தித்து, கோவாவில் திருமுழுக்குப் பெற்றவர். தேவனைக் குறிக்க அவர் எடுத்துக்கொடுத்த சொல் “தைனிச்சி”. அது அந்நாட்டுப் பௌத்தப் பிரிவொன்று வணங்கும் புத்தரின் பெயர் என்பது சவேரியாருக்குப் பின்னரே தெரியவந்தது. அதன்பின் அந்தச் சொல்லை விட்டுவிட்டார். அஞ்சிரோ ஏமாற்றியவர் அல்லர். தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். சவேரியாரும் தவறு தெரிந்தவுடன் திருத்திக்கொண்டார். வழிகாட்டியை மதிப்பதும், அவர் சொன்னதைச் சோதித்துப் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று பகையானவை அல்ல. எல்லாவற்றையும் சோதித்து நலமானதைப் பிடித்துக்கொள்ளத் தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியதும் இதையே.

அப்போஸ்தலர் 8 ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எத்தியோப்பிய அரசியின் பொக்கிஷமெல்லாம் ஒருவன் கையில் இருந்தது. எருசலேமைப் பார்த்துவிட்டுத் தன் இரதத்தில் திரும்பிக்கொண்டிருந்தான். கையில் ஏசாயாவின் புஸ்தகம் இருந்தது, வாசிக்கவும் தெரிந்தது, பொருள்தான் விளங்கவில்லை. புழுதியில் நடந்துவந்த பிலிப்பு அவனைக் கேட்டபோது, ஒருவர் வழிகாட்டாமல் தனக்கு எப்படி விளங்கும் என்று ஒப்புக்கொண்டு, அவனை இரதத்தில் ஏறி உட்காரச் சொன்னான். அந்த மந்திரியின் பெருமை எனக்கு இங்கேதான் தெரிகிறது. தெரியாது என்று சொல்ல அவனுக்குக் கூச்சமில்லை. நாம் எப்போதும் நம்மைப் பிலிப்புவின் இடத்தில் வைத்தே இந்தப் பகுதியை வாசித்திருக்கிறோம். ஓவாமலையில் அன்று காலை நான் இரதத்தில் இருந்தவன். புழுதியில் முன்னே நடந்தவர் ஆடு மேய்த்த அந்தப் பெரியவர்.

இது ஏன் அவசரமான காரியம் என்றும் சொல்லவேண்டும். நம் மேலூர் வட்டாரத்தில் குன்றுகள் கிரானைட்டுக்காக அறுக்கப்பட்டதை நாம் கண்ணால் பார்த்தோம். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த பகுதி 2022 இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2024 இல் அப்பகுதியை உள்ளடக்கிய நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் விடப்பட்டது. ஊர் மக்கள் திரண்டு போராடினார்கள். 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்துசெய்யப்பட்டது. ஒவ்வொரு பாறைக்கும் சுனைக்கும் பெயர் தெரிந்தவர்கள் அந்த ஊர்களில் இருந்தார்கள். அவர்களால் அதை விட்டுக்கொடுக்க முடியவில்லை. பெயர் தெரியாதவனுக்கு மலை வெறும் கல். நமக்கு வழி காட்டக்கூடிய முதியவர்கள் ஒவ்வொருவராகக் கடந்துபோகிறார்கள். அவர்களோடு போவதை எந்த நூலகத்திலும் திரும்பப் பெற முடியாது.

யோர்தானைக் கடந்தவுடன் கர்த்தர் யோசுவாவிடம் 12 கற்களை எடுத்து நாட்டச் சொன்னார். பிற்காலத்தில் பிள்ளைகள் அந்தக் கற்களைக் குறித்துக் கேட்பார்கள். அப்போது பெற்றோர் பதில் சொல்லவேண்டும் என்பதே அதன் நோக்கம். கற்கள் தாமாகப் பேசுவதில்லை. கேட்கும் பிள்ளையும் பதில் சொல்லும் பெரியவரும் வேண்டும்.

ஆகையால் இந்த மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் உங்கள் பிள்ளைகளை ஓவாமலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள்; பாறையில் யாரும் பெயர் கிறுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் உள்ள முதியவர் ஒருவரைக் கூட அழையுங்கள். அவர் எந்தச் சமயத்தவர், எந்தச் சாதியார் என்று பாராமல் அவர் பின்னால் நடந்து பாருங்கள். அவருடைய நேரத்துக்கு உரியதைக் கொடுங்கள். வீட்டுக்கு அழைத்து ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள். டி நோபிலி செய்யத் தவறியதை நீங்கள் செய்யலாம்.

நான் இறங்கி வந்தபோது பெரியவருக்குப் பணம் நீட்டினேன். முதலில் மறுத்தார், பிறகு வாங்கிக்கொண்டு, “அடுத்த தடவ பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்க சாமி. என் காலு இருக்கயிலயே காட்டிப்புடறேன்” என்றார். ஜப்பானுக்குத் திரும்பிப்போன அந்தத் தம்பிக்கு ஓவாமலையின் படமொன்றை அனுப்பினேன். அதைக் கியோத்தோ பெரியவருக்குக் காட்டப்போவதாகப் பதில் எழுதியிருக்கிறார்.

ஜெபம்: எங்கள் பிதாவே, நாங்கள் வாழும் மண்ணை அந்நியமாக எண்ணின நாட்களுக்காக எங்களை மன்னியும். எங்களுக்கு முன்பே இங்கே வழிப்போக்கருக்கு இடம் கொடுத்தவர்களுக்காக உமக்கு ஸ்தோத்திரம். தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் தாழ்மையையும், நலமானதைப் பகுத்தறியும் ஞானத்தையும், நாங்கள் கட்டிவைத்த சுவர்களை இடிக்கும் தைரியத்தையும் எங்களுக்குத் தாரும். எங்கள் பிள்ளைகள் கேட்கும் நாளில் பதில் சொல்ல எங்களை ஆயத்தப்படுத்தும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.